பெண்கடலில் விழுந்த சால்

தாழைவலசைக்குத் தெற்கே கிடக்கிற கடலை ஆண்கடல் என்பார்கள், வடக்கே கிடக்கிறதைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே இருப்பது எந்நேரமும் இரைந்துகொண்டே இருக்கும், வடக்கே இருப்பது வாய் திறக்காமல் காரியம் பார்க்கும் என்பதால். அந்தப் பெண்கடலில்தான், நாற்பத்து நாலு வயதும் எண்பத்தொன்பது கிலோ எடையும் கொண்ட ஐஸ் கம்பெனி மேனேஜர் திரவியமாகிய நான், ஒரு பங்குனி மாதக் காலையில் இறங்கி நீந்தினேன், நீந்திய இடத்தில் சால் விழுந்தது.

சால் என்றால் உழவு சால்தான், வேறொன்றும் இல்லை. நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன், சாலைப் பார்த்தால் தெரியும். ஏர் போன தடம் மண்ணில் எப்படிக் கிடக்குமோ அப்படித் தண்ணீரில் கிடந்தது: ஒன்றரை முழ அகலம், ஒரு சாண் ஆழம், இரண்டு பக்கமும் தண்ணீர் வரப்புக் கட்டி நின்றது, அலை வந்தால் சாலுக்குள் ஒரு படி இறங்கி மறுபக்கம் ஒரு படி ஏறிக் கரைக்குப் போனது, வரப்பின்மேல் கடற்காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

நான் ஏன் கடலில் இறங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னதால் சைக்கிள் மிதித்தேன், சைக்கிள் மிதித்ததால் ஓடலாம் என்று தோன்றியது, ஓடியதால் நான் ஏதோ பெரிய ஆள் என்ற எண்ணம் வந்துவிட்டது. அந்த எண்ணம் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம், மேற்குக் கடற்கரையில் நடக்கப்போகிற ஒரு பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கடலில் மூணு கிலோமீட்டர் எண்ணூறு மீட்டர் நீந்த வேண்டும், ஏறி வந்து நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும், எல்லாம் ஒரே நாளில். பெயர் கொடுத்துவிட்டு என் மனைவி செண்பகவல்லியிடம் சொன்னேன்.

"நீச்சல் தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"கிணத்துல நீந்தியிருக்கேன்."

"கிணறு வட்டமால்ல இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கு எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான், அதுவே அந்த வாரத்தின் நீளமான பேச்சு. அவள் ஊர் தபாலாபீஸில் போஸ்ட்மாஸ்டர். ஐஸ் கம்பெனி மாடியில்தான் எங்கள் வீடு. மகள் போன வருஷம் படிக்கக் கோயம்புத்தூர் போனாள், போகும்போது வீட்டில் இருந்த பேச்சையும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் போல. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடவும் நாலு வார்த்தை வேண்டும்.

முதல் நாள் நீந்திவிட்டு வந்து, மூச்சு வாங்கியதை மறைத்துக்கொண்டு, "நாலு கிலோமீட்டர்" என்றேன். "சரி" என்றாள். மறுநாள் காலை ஏழரை மணிக்கு மிக்கேலம்மாள் ஐஸ் கம்பெனிக்கு வந்தாள். மிக்கேலம்மாள் கடலில் மூங்கில் தெப்பம் கட்டிப் பாசி வளர்ப்பவள், ஆறு தெப்பம் வைத்திருந்தாள், மூச்சை அடக்கி முங்கினால் கரையில் நிற்கிறவர்கள் பயந்துபோகும் வரைக்கும் மேலே வராதவள்.

"சார், கடல்ல ஒரு பள்ளம் கெடக்கு. என் தெப்பம் ஒண்ணு அதுக்குள்ள ஒருச்சாஞ்சு கெடக்கு. வந்து உங்க பள்ளத்த எடுங்க."

"என் பள்ளம்னு எப்படிக்கா தெரியும்?"

"இந்த ஊர்ல வேற யாரு இப்படிக் கோணலா நீந்துவா?"

போய்ப் பார்த்தேன். நேற்று நான் நீந்திய வழி அப்படியே கிடந்தது. நேராகப் போனதாக நான் நினைத்திருந்தேன். கரையிலிருந்து கிளம்பி, கொஞ்ச தூரத்திலேயே இடது பக்கம் வளையத் தொடங்கி, வளைந்து வளைந்து மிக்கேலம்மாளின் நாலாவது தெப்பத்தில் போய் முட்டியிருந்தேன். மூங்கிலைப் பிடித்துத் தொங்கிய இடத்தில் சால் அகலமாக, மாடு படுத்த இடம் மாதிரி இருந்தது. தெப்பத்தை நிமிர்த்திக் கொடுத்தேன். சாலை எடுப்பது எப்படி என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. மறுநாள் நான் திரும்ப நீந்தியபோதுதான் அது தெரிந்தது: புதுச் சால் விழுந்தால் பழைய சால் தானாக மூடிக்கொள்ளும். ஆக எந்த நேரமும் கடலில் என் சால் ஒன்று கிடக்கும், ஒன்றுக்கு மேல் கிடக்காது.

ஊரில் நல்ல நீச்சல்காரர்கள் எல்லாரும் இறங்கி நீந்திப் பார்த்தார்கள், ஒருவருக்கும் சால் விழவில்லை. ஏன் விழுகிறது என்று யாரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. மீன் பாடு ஏன் இன்றைக்கு இருக்கிறது, நேற்று ஏன் இல்லை என்று யோசித்துப் பலன் காணாத ஊர் அது. இதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் யோசித்தார்கள்.

அதற்கு வழி காட்டியவர் ஊர்க் கமிட்டித் தலைவர் இபுராம்சா. அவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டதால் ரெண்டு வருஷமாகக் கடலுக்குப் போகவில்லை, கரையோரம் கட்டிய வள்ளத்தில் ஏறிச் சும்மா உட்கார்ந்திருப்பார். நாலாம் நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது கட்டு அவிழ்ந்து வள்ளம் சாலுக்குள் நழுவியது, நழுவியது தானாகப் போகத் தொடங்கியது. துடுப்பு இல்லை, எஞ்சின் இல்லை, பாய் இல்லை. ஒரு மனுஷன் நீந்துகிற வேகத்தில், அதிலும் திறமை போதாத மனுஷன் நீந்துகிற வேகத்தில், விட்டு விட்டுப் போனது. நான் மூச்சு வாங்க நின்ற இடத்தில் நின்றது, நான் வளைந்த இடத்தில் வளைந்தது, காலில் ஏதோ பட்டது என்று நான் பதறி ரெண்டு சுற்றுச் சுற்றிய இடத்தில் ரெண்டு சுற்றுச் சுற்றியது, பிறகு கரைக்குத் திரும்பியது. அவர் இறங்கி வரும்போது கரையில் ஊர் பாதி கூடியிருந்தது. தபாலாபீஸுக்குக் கிளம்பிய என் மனைவியும் சாவிக்கொத்தோடு அங்கே நின்றிருந்தாள்.

"மேனேஜரே, கோவிச்சுக்கிறாதீங்க. நீங்க தினமும் சொல்ற மாதிரி நாலு கிலோமீட்டர் போகல" என்றார் இபுராம்சா.

"எவ்வளவு இருக்கும் பாய்?" என்று கேட்டவள் செண்பகவல்லி.

"போக வர அறுநூறு மீட்டர் இருக்கும்மா. அதுல பாதி சுத்துனது."

அவள் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். அன்றைக்குத் தபாலாபீஸில் அவள் முத்திரை குத்திய சத்தம் ஐஸ் கம்பெனி வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு நான் பொய் சொல்ல வழியில்லாமல் போனது. மனுஷன் செய்கிற காரியங்களில் பாதிக்குச் சாட்சி கிடையாது, அதனால்தான் குடும்பம் நடக்கிறது, கம்பெனி நடக்கிறது. எனக்கோ நான் செய்த காரியம் மறுநாள் வரைக்கும் கடலில் விரித்து வைத்துக் கிடந்தது. டீக்கடைக்குப் போனால், "நேத்து மூணாவது தெப்பத்துக்கிட்ட ரொம்ப யோசிச்சிருக்கீங்க" என்பார்கள். மீன் ஏலக்கூடத்துக்குப் போனால், "இன்னைக்குச் சால் ஆழம் கம்மி, மேனேஜர் ராத்திரி சரியாச் சாப்பிடல" என்பார்கள். இடது பக்கம் ஏன் வளைகிறேன் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. இதயம் இடது பக்கம் இருக்கிறது, அது கனம் என்றார் ஒருவர். சொந்த ஊர்ப் பக்கம் இழுக்கிறது என்றார் இன்னொருவர், கோவில்பட்டி எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெப்பத்து மேல் ஃபிளாஸ்கில் டீ வைத்திருப்பாள் மிக்கேலம்மாள், அதுதான் காரணம் என்றார்கள் பெண்கள். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

சித்திரை கடைசியில் கமிட்டி கூடியது. பெண்கடல் ஆழமில்லாத கடல். தண்ணீர் வற்றுகிற நேரம் படகுகள் தரைதட்டிப் பாதித் தூரத்தில் நின்றுவிடும், பெண்கள் இடுப்பளவுச் சேற்றில் நடந்துபோய் மீன் கூடையைத் தலையில் தூக்கி வருவார்கள், அதற்குள் மீன் கண் வெளுத்துவிடும், நான் அனுப்பிய ஐஸ் தண்ணீராகிவிடும். ஆனால் சாலில் வைத்த வள்ளம் எவ்வளவு வற்றினாலும் தரைதட்டவில்லை, எந்த முனையில் விட்டாலும் மறு முனைக்குப் போகிறது என்பதை இபுராம்சா கவனித்திருந்தார். கரையிலிருந்து ஆழம் தொடங்குகிற இடம் வரைக்கும் நேராக, நிற்காமல் ஒரு சால் விழுந்தால், போகிற படகும் வருகிற படகும் அதில் ஓடும். அந்தத் தூரத்தைக் கயிறு போட்டு அளந்தார்கள். மூணு கிலோமீட்டர் எண்ணூறு மீட்டர். பந்தயம் வைத்தவர்கள் தாழைவலசைக்கு வந்து அளந்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

"பந்தயத்துக்கு நீங்க எப்படியும் பழகணும். அத நமக்காகப் பழகுங்க" என்றார் இபுராம்சா.

"நேரா நீந்தணும் சார். முன்னேர் கோணுனா பின்னேர் எல்லாம் கோணும். எங்காளுக படகெல்லாம் என் தெப்பத்துலதான் வந்து நிக்கும்" என்றாள் மிக்கேலம்மாள்.

அன்றிலிருந்து என் நீச்சல் ஊர்ச் சொத்தாகிவிட்டது. டீக்கடையில் எனக்கு வடை கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்தார்கள், கடைக்காரர் என் கண் முன்னாலேயே வடையை எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பார். தினமும் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் மீன் வைத்துவிட்டுப் போனார்கள். மிக்கேலம்மாள் தெப்பத்தில் உட்கார்ந்து பாசி கட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, "நீங்க வலது பக்கமே வாயத் தொறக்குறீங்க. ஒரு பக்கமே மேயுற மாடு வளைஞ்சுதான் போகும். ரெண்டு பக்கமும் மேயுங்க" என்றாள். இடது பக்கம் மூச்சு வாங்கப் பழகும்வரை நான் குடித்த உப்புத்தண்ணீர், ஒரு உப்பளத்துக்குப் போதும். வைகாசி முழுக்க இருமினேன். ஆனி மாதம் சால் நேரானது. ஆடியில் ரெண்டு கிலோமீட்டர் போனேன், அங்கிருந்து படகில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஆவணி முதல் வாரம் ஆழம் வரைக்கும் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் வற்றுநீரில் படகுகளைச் சாலில் விட்டார்கள். பதினெட்டுப் படகு, ஒன்றன்பின் ஒன்றாக, கல்யாண ஊர்வலம் மாதிரிக் கிளம்பியது. தொள்ளாயிரம் மீட்டரில் முதல் படகு நின்றது. முனை தானாகக் கரையைப் பார்த்துத் திரும்பியது. பின்னால் வந்ததெல்லாம் முட்டிக்கொண்டு நின்றன. பதினோரு நிமிஷம் கழித்து முதல் படகு திரும்பவும் முனையை வடக்கே வைத்துக் கிளம்பியது, அடுத்த படகு அந்த இடத்துக்கு வந்து பதினோரு நிமிஷம் நின்றது. கடைசிப் படகு ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் படகுக்காரர் மீன் பிடித்து முடித்து, திரும்ப வழியில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

கமிட்டி என்னைக் கூப்பிட்டு விசாரித்தது.

"அந்த எடத்துல என்ன மேனேஜரே?"

"சொறி மீனு. மேல பட்டா அரிக்கும்ல, அது போற வரைக்கும் நின்னேன்."

"நாங்களும் ஒரு வாரமாப் பாக்குறோம். தினமும் அதே எடத்துலதான் நிக்கிறீங்க."

"தினமும் வருது."

"மணி பாத்து வேலைக்கு வர்ற சொறிய நான் பாத்ததில்ல சார்" என்றாள் மிக்கேலம்மாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஏலக்கூடத்துத் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது செண்பகவல்லி காதுக்குப் போனது. தபாலாபீஸுக்கு எல்லாம் போகும். நாங்கள் அந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம், அவள் ஒருநாள்கூடப் படகில் கால் வைத்ததில்லை, கடலைப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும். அடுத்த நாள் என்ன நினைத்தாளோ, நான் நீந்தப் போகாமல் கணக்குத் தணிக்கைக்காக ராமநாதபுரம் போயிருந்த நாள், விடிந்ததும் இபுராம்சா வீட்டுக்குப் போய், "பாய், அந்தச் சால்ல என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றிருக்கிறாள். அவர் தன் வள்ளத்தில் ஏற்றிச் சாலில் விட்டார். அவள் ரெண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நான் நீந்திய வேகத்தில், நான் தயங்கிய இடத்தில் தயங்கி, நான் கை மாற்றிய இடத்தில் லேசாக ஆடி, தொள்ளாயிரம் மீட்டர் போனாள். வள்ளம் நின்றது. முனை கரையைப் பார்த்துத் திரும்பியது.

மணி ஆறு நாற்பது என்று இபுராம்சா பிற்பாடு என்னிடம் சொன்னார். முதலில் அவள் குனிந்து தண்ணீரில் சொறி இருக்கிறதா என்று பார்த்தாளாம். தெளிந்த தண்ணீர், மணல் தெரிந்தது, சொறி இல்லை. பிறகு நிமிர்ந்து கரையைப் பார்த்தாளாம். அந்த இடத்திலிருந்து பார்த்தால் தென்னந்தோப்பு ஊரை மறைத்துவிடும், பள்ளிவாசலும் தெரியாது, மாதா கோயிலும் தெரியாது, ஐஸ் கம்பெனி மொட்டைமாடி ஒன்றுதான் தெரியும். மாடியில் கொடிக்கயிறு. அவள் தினமும் ஆறு நாற்பதுக்குத் துணி காயப்போட ஏறி, ஆறு ஐம்பத்தொன்றுக்கு வாளியை எடுத்துக்கொண்டு இறங்குவாள்.

பதினோரு நிமிஷமும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். பிறகு, "சொறி இல்ல பாய்" என்றாளாம்.

"எனக்குத் தெரியும்மா" என்றாராம் இபுராம்சா.

அன்று சாயங்காலம் நான் வந்ததும் தட்டில் தோசை வைத்தாள், சட்னி வைத்தாள், நின்றாள்.

"நாளைக்கு நான் துணி காயப்போட மாட்டேன்" என்றாள்.

"சரி" என்றேன். காது சுட்டது. பத்தொன்பது வருஷம் கட்டிக் குடும்பம் நடத்துகிற பெண்டாட்டியைத் தண்ணீரில் மிதந்துகொண்டு ஒளிந்து பார்த்தவன் என்று பிடிபடுவதைவிட, வேறு எதிலாவது பிடிபட்டிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும்.

"ஆழத்துல மிக்கேலம்மா படகுல இருப்பேன். நீங்க வழியில நிக்காம அங்க வந்துருங்க."

"உனக்குக் கடல் ஆகாதே."

"ஆகாதுதான்" என்றாள். "இன்னொரு தோசை வைக்கவா?"

மறுநாள் நான் இறங்கினேன். இபுராம்சா கரையில் நின்று கை காட்டினார், நான் வலது பக்கம் மூச்சு வாங்கி இடது பக்கம் மூச்சு வாங்கி, முதல் தெப்பத்தையும் ரெண்டாவது தெப்பத்தையும் வழக்கமாக டீ வாசனை வருகிற நாலாவது தெப்பத்தையும் கடந்து, தொள்ளாயிரம் மீட்டர் வந்ததும் பழக்கதோஷத்தில் தலையைத் தூக்கித் திரும்பப் பார்த்து, மாடியில் ஒருவரும் இல்லை என்று தெரிந்து, தலையைத் தண்ணீரில் வைத்து, கை ஓய்ந்தபோது காலையும் கால் ஓய்ந்தபோது கையையும் திட்டிக்கொண்டு, என் வயதையும் எடையையும் பெயர் கொடுத்த அந்த மத்தியானத்தையும் வரிசையாகத் திட்டிக்கொண்டு, திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோது சும்மா நீந்தி, ரெண்டு மணி நேரமும் நாலு நிமிஷமும் கழித்து ஒரு படகின் பலகையில் போய்த் தலையை முட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தேன். செண்பகவல்லி படகின் மறுபக்க விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அது நாலாவது தடவை என்றாள் மிக்கேலம்மாள். முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இவ்வளவு நேரமா?" என்றாள்.

பிறகு கை நீட்டினாள். அவள் இழுத்ததில் படகு சாய்ந்ததே தவிர நான் ஏறவில்லை. மிக்கேலம்மாள்தான் என் கால்சட்டையைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டாள்.

அந்தச் சால் நேராகக் கிடந்தது. பதினெட்டுப் படகும் அதில் நிற்காமல் போயின, நிற்காமல் வந்தன. இபுராம்சா ரெண்டு வருஷத்துக்குப் பிறகு வலை எடுத்துக்கொண்டு கிளம்பினார், துடுப்புப் போட வேண்டியதில்லையே. பெண்கள் சேற்றில் இறங்குவது நின்றது. எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது, நான் நீந்தியது அப்படி.

ஆனால் நான் திரும்ப இறங்கினால் புதுச் சால் விழும், இது மூடிவிடும். பந்தயத்துக்கு இன்னும் அஞ்சு வாரம் இருந்தது. கமிட்டியில் யாரும் வாய் திறந்து கேட்கவில்லை, டீக்கடையில் எனக்கு ரெண்டு வடை வைத்தார்கள், அதிலேயே புரிந்தது. "நான் கடல்ல இறங்கல" என்று சொல்லிவிட்டேன். பெரிய தியாகம் செய்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன், காலையில் அஞ்சு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம் என்ற சந்தோஷம் அதில் பாதி.

கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற ஊருணியில் பழகலாம் என்றாள் செண்பகவல்லி. அதற்கும் கமிட்டி கூடியது. ஊருணித் தண்ணீர் மழைத்தண்ணீர், மழை கடலிலிருந்து வருகிறது, அப்படியானால் ஊருணியும் கடலுக்குச் சொந்தம்தானே என்று ஒருவர் கேட்டார். கடைசியில் மிக்கேலம்மாள் சால் பக்கத்தில் நின்றுகொண்டாள், நான் ஊருணியில் ஒரு காலை மட்டும் வைத்தேன், அவள் முண்டாசுத் துணியை ஆட்டிச் சால் இருக்கிறது என்று காட்டினாள், பிறகு மறு காலை வைத்தேன். நாற்பது மீட்டர் நீளம், இடுப்பளவு ஆழம். தொண்ணூற்றைந்து நீளம் நீந்தினால் பந்தயத் தூரம், நான் முப்பதில் நிறுத்திவிடுவேன். எருமைகள் வழிவிடவில்லை. செண்பகவல்லி கரையில் உட்கார்ந்து எண்ணுவாள். எண்ணும்போது இடையிடையே பேசுவாள், தபாலாபீஸுக்கு வந்தவர்கள் சொன்னது, மகள் போனில் சொன்னது, சின்ன வயதில் அவளுக்கு நடந்தது. பேச்சுவாக்கில் எண்ணிக்கை தவறிவிடும். இருபத்தொன்றா இருபத்திரண்டா என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், நீங்கதான் நீந்துனீங்க" என்பாள்.

பந்தயத்துக்குக் கிளம்பும் முன்னால்தான் எனக்கு உறைத்தது. மேற்குக் கடலும் கடல்தான், குமரிமுனையைச் சுற்றி வந்து இந்தக் கடலைத் தொடுகிற கடல். அங்கே நான் இறங்கினால் இங்கே சால் மூடலாம். இபுராம்சாவிடம் போய்ச் சொன்னேன், போகவில்லை என்றும் சொன்னேன்.

அவர் வலையில் சிக்கு எடுத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "நாலு மாசம் உங்கள வட தின்ன விடல. போயிட்டு வாங்க மேனேஜரே. மூடுனா மூடட்டும், மறுபடி உழுங்க" என்றார்.

ஊர் வந்து ரயிலேற்றியது. சைக்கிளை மிக்கேலம்மாள் தூக்கி வைத்தாள்.

அந்தக் கடல் சிடுசிடுவென்று இருந்தது. எழுநூறு பேர் ஒரே நேரத்தில் இறங்கினார்கள், பத்து நிமிஷத்தில் எல்லாரும் எனக்கு முன்னால் போய்விட்டார்கள், அலையும் நானும் மட்டும் பின்னால் வந்தோம். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மிதவைகளைச் சுற்றி நேராகத்தான் போனேன். ரெண்டு மணி இருபது நிமிஷத்துக்குள் கரையேற வேண்டும், நான் ஏறியது ரெண்டு மணி இருபத்து மூணு நிமிஷத்தில். ஒரு பெண் மணலில் மண்டிபோட்டு என் கணுக்காலில் கட்டியிருந்த, நேரம் பதிகிற பட்டையை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள், "நல்லா முயற்சி பண்ணுனீங்க சார்" என்றாள். நிறுத்தத்தில் எழுநூறு சைக்கிள் இருந்த இடத்தில் என்னுடையது ஒன்று மட்டும், கட்டின மாடு மாதிரி நின்றது. திரும்பிக் கடலைப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. எப்படி நீந்தினேன், எவ்வளவு நீந்தினேன் என்று இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. சொறி மீன் என்று சொல்லலாம், நீரோட்டம் என்று சொல்லலாம், எவனோ உதைத்துவிட்டான் என்று சொல்லலாம்.

போன் பண்ணினேன்.

"சால் இருக்கா?" என்றேன்.

"இருக்கு. காலையில இருந்து ஊரே கரையிலதான் நிக்கிது. நீங்க எறங்குன நேரத்துக்கு லேசா ஆடுச்சு, அப்புறம் நின்னுருச்சு. படகெல்லாம் போய்க்கிட்டிருக்கு." பிறகு, "உங்களுக்கு என்னாச்சு?" என்றாள்.

"மூணு நிமிஷம் லேட்டு. வெளிய அனுப்பிட்டாங்க."

"எங்கயாச்சும் நின்னீங்களா?"

"இல்ல. எங்கயும் நிக்கல. மெதுவாப் போனேன், அவ்வளவுதான்."

"சரி" என்றாள். பின்னால் யாரிடமோ, "மூணு நிமிஷம்" என்று சொல்வது கேட்டது, அந்த யாரோ இன்னொருவருக்குச் சொல்வதும் கேட்டது, கரை நெடுக அந்த மூணு நிமிஷம் கைமாறிப் போவது போனுக்குள்ளேயே கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. "பாய் கேக்காரு, சாப்பிட்டீங்களான்னு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க கடை போட்டிருப்பாங்கல்ல. வரும்போது எனக்கு ஒரு நீச்சல் தொப்பி வாங்கிட்டு வாங்க. எருமை நிக்கிற எடத்துல நானும் நின்னு பாக்கேன்" என்றாள்.

பந்தயத் திடலில் கடைகள் இருந்தன. வெல்லப் போகிறவர்களும் தோற்கப் போகிறவர்களும் சைக்கிளில் போய்விட்டதால் கூட்டம் இல்லை. ஈரம் சொட்டச் சொட்டப் போய் நின்று, பெண்கள் போடுகிற தொப்பி வேண்டும் என்றேன். கடைக்காரப் பெண் தமிழ்ப் பெண்தான். "தலை அளவு என்ன சார்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷம். செருப்பு அளவு தெரியும், வளையல் அளவு தெரியும். கண்ணை மூடி, ரெண்டு கையையும் முன்னால் தூக்கி, அவள் தலையை ரெண்டு பக்கமும் பிடித்திருப்பது மாதிரிக் காற்றில் பிடித்தேன். அப்படிப் பிடித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது, அதனால் கொஞ்ச நேரம் நின்றேன். "இவ்வளவு இருக்கும்" என்றேன். அந்தப் பெண் சிரிக்காமல் அளவுநாடாவை எடுத்து என் உள்ளங்கைகளுக்கு நடுவில் இருந்த காற்றை அளந்தாள், குனிந்து பெட்டியில் தேடி ஒரு நீலத் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டில் செண்பகவல்லி அதைப் போட்டுப் பார்த்தாள். ரெண்டு விரல் அளவுக்குப் பெரிதாக இருந்தது, காதுக்கு மேல் மடிந்து நின்றது.

"என் தலைக்கனத்தையும் சேத்து அளந்துட்டீங்க போல" என்றாள்.

"மாத்திக் கேக்கலாம்" என்றேன்.

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைப் பார்த்து ரெண்டு பக்கமும் கொண்டை ஊசி குத்திக்கொண்டு, எனக்கு முன்னால் மாடிப்படி இறங்கி ஊருணிக்குப் போனாள்.